கோப்பு கட்டும் கைகளும் தொண்டுக் கைகளே!



தொண்டு என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்முன் எழும் காட்சிகள் சில உண்டு. வெள்ளத்தில் சிக்கிய முதியவரைத் தோளில் சுமந்து வரும் இளைஞன். நோன்புக் கஞ்சி காய்ச்சி, வரிசையில் நிற்போரின் பாத்திரங்களில் ஊற்றும் பெரியவர். இரத்தம் தேவை என்றதும் ஓடோடி வரும் கல்லூரி மாணவன். இவர்களைப் பாராட்ட நமக்குத் தெரியும். ஆனால், அந்தக் கஞ்சிக்கு எத்தனை மூட்டை அரிசி வந்தது, எவர் கொடுத்தார், எவ்வளவு மீந்தது என்று இரவில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பவரைத் தொண்டர் என்று நாம் எண்ணுவதுண்டா? அவர் எழுதாமல் விட்டால், அடுத்த ஆண்டு அரிசி கொடுப்பவர் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பார். அப்போதுதான் அந்த நோட்டுப் புத்தகத்தின் அருமை நமக்குத் தெரியும்.

அத்தகைய தொண்டு ஒன்றைப் பற்றியே இந்த மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன். பருவநிலை மாற்றத்தைச் சமாளிப்பதற்கென்று உலக நாடுகள் ஒதுக்கும் நிதியில் நடைபெறும் வளர்ச்சித் திட்டங்களில், நிர்வாக உதவியாளராகத் தொண்டாற்றுவதே அது. பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்களும், வேலைக்கு மனுப்போட்டுக் காத்திருக்கும் இளைஞர்களும், "எங்களுக்கு விஞ்ஞானமும் தெரியாது, பொறியியலும் தெரியாது. பூமி வெப்பமடைகிறது, கடல் உயர்கிறது என்கிறார்கள். இதில் நாங்கள் செய்ய என்ன இருக்கிறது?" என்று கேட்கக்கூடும். நிறையவே இருக்கிறது.

நிதி வரும் பாதை

முதலில் இந்த நிதி எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். 2009-ஆம் ஆண்டு கோபன்ஹேகன் மாநாட்டில், 2020-க்குள் ஆண்டுதோறும் பத்தாயிரம் கோடி டாலர் திரட்டித் தருவதாக வளர்ந்த நாடுகள் ஏழை நாடுகளுக்கு வாக்களித்தன. அந்த வாக்கு இரண்டு ஆண்டு தாமதமாக, 2022-ல்தான் நிறைவேறியது. அதிலும் பெரும்பகுதி கடனாகவே தரப்பட்டது. 2024-ல் பாகூ நகரில் கூடிய மாநாடு, 2035-க்குள் இத்தொகையை ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி டாலராக உயர்த்துவதென இலக்கு வைத்துள்ளது. வாக்குறுதிகள் பெரியவை, வந்து சேர்வது மெல்ல மெல்லத்தான்.

இந்த நிதியின் ஒரு பகுதியைக் கையாள்வதற்காக 2010-ல் மெக்சிகோவின் கான்கூன் மாநாட்டில் பசுமைப் பருவநிலை நிதியம் தோற்றுவிக்கப்பட்டது. அதன் தலைமையகம் தென்கொரியாவில் இஞ்சியோன் நகரின் சோங்டோ பகுதியில் இருக்கிறது. இந்த நிதியம் எந்த ஊருக்கும் நேரடியாகச் சென்று பணம் கொடுப்பதில்லை. ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம், உலக வங்கி, நம் நாட்டின் நபார்டு வங்கி போன்று, அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் வழியாகவே கொடுக்கிறது. திட்ட வரைவு எழுத வேண்டும். நிர்வாகக் குழு ஒப்புதல் தர வேண்டும். உடன்படிக்கை கையெழுத்தாக வேண்டும். அதன் பிறகும் முழுத்தொகையும் ஒரேயடியாக வந்துவிடாது. தவணை தவணையாகவே வரும். முந்தைய தவணை எப்படிச் செலவானது, வேலை எவ்வளவு முடிந்தது, எத்தனை பேர் பயன்பெற்றனர், அவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்பதற்கெல்லாம் அறிக்கை போக வேண்டும். கணக்கு நேராக இல்லையென்றால் அடுத்த தவணை நிற்கும்.

மாலத்தீவின் தண்ணீர்

எடுத்துக்காட்டாக நமக்கு அருகிலுள்ள மாலத்தீவைப் பாருங்கள். நம் கடற்கரை ஊர்களின் சமையலறைகளில் மணக்கும் மாசிக் கருவாட்டின் தாயகம் அது. தூத்துக்குடியிலிருந்து காய்கறியும் கட்டுமானப் பொருள்களும் ஏற்றிக்கொண்டு தோணிகள் செல்லும் நாடு. ஏறத்தாழ 1,200 தீவுகள் இருந்தும், மக்கள் குடியிருப்பவை இருநூறுக்கும் குறைவே. நாற்புறமும் நீர், குடிக்கத்தான் நீரில்லை. கடல்நீர் நிலத்தடியில் புகுந்து கிணறுகளை உப்பாக்கிவிட்டது. 2004-ஆம் ஆண்டின் சுனாமி அந்தத் துயரத்தை மேலும் வளர்த்தது. வெளித்தீவுகளின் மக்கள் கூரையில் விழும் மழைநீரைத் தொட்டிகளில் பிடித்து வைத்தே குடிக்கின்றனர். ஆண்டின் முதல் மாதங்களில் வரும் வறண்ட காலத்தில் தொட்டிகள் வற்றிவிடும். அப்போது கப்பலில் தண்ணீர் வந்தாக வேண்டும். தலைநகர் மாலேயும் இதற்கு விலக்கல்ல. 2014 டிசம்பரில் அங்குள்ள கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் தீப்பிடித்தபோது நகரமே தாகத்தில் தவித்தது. இந்தியா விமானங்களிலும் கடற்படைக் கப்பல்களிலும் தண்ணீர் அனுப்பியது.

2015 நவம்பரில் பசுமைப் பருவநிலை நிதியம் தன் முதல் எட்டுத் திட்டங்களுக்கு ஒப்புதல் அளித்தபோது, அவற்றில் ஒன்று மாலத்தீவின் குடிநீர்த் திட்டம். 49 தீவுகளில் வறண்ட காலத்திலும் குடிநீர் கிடைக்கச் செய்வதே அதன் நோக்கம். அதற்காக நிதியம் ஒதுக்கிய தொகை 2 கோடியே 36 லட்சம் டாலர். இது கடனன்று, நன்கொடை. ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் வழியாக அந்தத் தொகை சென்றது.

உதவியாளரின் நாள்

49 தீவுகள் என்றால் எத்தனை தொட்டிகள், எத்தனை குழாய்கள், எத்தனை படகுப் பயணங்கள், எத்தனை கூட்டங்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் உண்டு. அந்தத் தாள்களை உரிய நேரத்தில் உரிய இடத்தில் வைப்பதே நிர்வாக உதவியாளரின் பணி.

பொருள் வாங்கும்முன் பல கடைகளிலிருந்து கொட்டேஷன் பெற்று, ஒப்பிட்டு அட்டவணை போட வேண்டும். வந்த பில்லுக்கு வவுச்சர் எழுதி, ரசீதை இணைத்துக் கோப்பில் சேர்க்க வேண்டும். வாங்கிய பம்பும் கணிப்பொறியும் இருப்புப் பதிவேட்டில் ஏற வேண்டும். கூட்டத்துக்கு அழைப்பு அனுப்பி, வந்தவர்களிடம் கையொப்பம் வாங்கி, பேசியதை மினிட்ஸ் புத்தகத்தில் பதிவு செய்ய வேண்டும். களப்பணிக்குச் செல்பவரின் பயணத்துக்கு ஏற்பாடு செய்து, திரும்பியதும் பயணப்படிக் கணக்கை முடிக்க வேண்டும். மக்கள் எழுதித் தரும் புகார்களுக்கு எண்ணிட்டு, பதில் போனதா என்று பார்க்க வேண்டும். இவற்றில் எதுவும் பத்திரிகையில் படமாக வராது. ஆனால் தணிக்கையாளர் வரும் நாளில், பொறியாளரைவிட முதலில் தேடப்படுபவர் இந்த உதவியாளரே.

"இது வெறும் குமாஸ்தா வேலைதானே!" என்று சிலர் உதட்டைப் பிதுக்கலாம். ஒரு கணம் சிந்தியுங்கள். தொட்டி வாங்கிய ரசீது ஒன்று காணாமல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அறிக்கை தாமதமாகிறது, தவணை தள்ளிப்போகிறது, ஒப்பந்தக்காரர் வேலையை நிறுத்துகிறார். வறண்ட காலத்துக்குமுன் வந்திருக்க வேண்டிய தொட்டி, அது கழிந்தபின் வந்து சேர்கிறது. ரசீதைத் தொலைத்தவருக்கு அது ஒரு தாள். குடத்தோடு நின்ற தாய்க்கோ அது மூன்று மாதத் தாகம். பொதுப்பணம் அமானிதம் என்று நாம் அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். அந்த அமானிதம் நிறைவேறுவது மேடையில் அன்று, இந்த மேசையில்தான்.

யார் சேரலாம்?

இத்தகைய தொண்டுக்கு வழிகள் பல. அவற்றுள் நன்கு அறியப்பட்டது ஐக்கிய நாடுகள் தொண்டர் அமைப்பு. 1970-ல் ஐ.நா. பொதுச்சபை உருவாக்கிய இது, 1996 முதல் ஜெர்மனியின் பான் நகரிலிருந்து இயங்குகிறது. இதில் இருவகைத் தொண்டர்கள் உண்டு. திட்டம் நடக்கும் இடத்திலேயே தங்கிப் பணியாற்றுவோர் ஒரு வகை. இவர்களுக்குச் சம்பளம் இல்லை. உணவு, உறைவிடச் செலவுக்கென்று வாழ்க்கைப்படி உண்டு. வீட்டிலிருந்தபடியே கணிப்பொறி வழியாக உதவுவோர் மற்றொரு வகை. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும்; வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மிகாத வேலை; ஊதியம் கிடையாது. மொழிபெயர்ப்பு, அட்டவணை தயாரித்தல், அறிக்கையைச் செப்பனிடுதல் போன்றவை இந்த வகையில் அடங்கும். வீட்டைவிட்டு வெளியூர் செல்ல இயலாத சகோதரிகளுக்கு இது நல்ல வாய்ப்பு. 2026-ஆம் ஆண்டை, நிலைத்த வளர்ச்சிக்கான சர்வதேசத் தொண்டர் ஆண்டாக ஐ.நா. பொதுச்சபை அறிவித்திருப்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம்.

தேவையான தகுதி என்ன? பிழையின்றி ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரிய வேண்டும். கணக்குத் தாளைக் கணிப்பொறியில் அமைக்கத் தெரிய வேண்டும். இவற்றுக்கும் மேலாக, சொன்ன நாளில் சொன்ன வேலையை முடிக்கும் ஒழுங்கு வேண்டும். சம்பளமில்லாத வேலைதானே என்று நினைத்த நேரத்தில் செய்பவர், தொண்டு செய்யவில்லை. பிறர் வேலையைக் கெடுக்கிறார்.

பெற்றோருக்குச் சில சொற்கள்

இனி, பெற்றோருக்கும் கணவன்மார்களுக்கும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். கசப்பாயினும் சொல்லத்தான் வேண்டும்.

தொண்டு என்ற பெயரில் ஏய்ப்போர் உண்டு. விண்ணப்பக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், விசா கட்டணம் என்று எவரேனும் பணம் கேட்டால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். ஐக்கிய நாடுகள் அமைப்பு ஆள் சேர்ப்பதில் எந்தக் கட்டத்திலும் கட்டணம் வாங்குவதில்லை. ஐ.நா. முத்திரை பதித்த கடிதம் என்று காட்டப்படுவதை மட்டும் நம்பிப் பாஸ்போர்ட் நகலையும் வங்கி எண்ணையும் அனுப்பிவிடாதீர்கள்.

மற்றொன்று: சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டிய இடத்தில், தொண்டரை வைத்துக் காலம் கடத்தும் நிறுவனங்களும் இருக்கின்றன. ஆகவே பணி என்ன, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எத்தனை மாதம், யாருடைய மேற்பார்வை, முடிவில் சான்றிதழ் உண்டா என்பவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். காலம் முடிந்ததும் நன்றி கூறி விடைபெறுங்கள். உண்மையாகச் செய்த ஆறு மாதத் தொண்டு, நாளை வேலை தேடும்போது பேசும் அனுபவமாகும். முடிவே தெரியாமல் நீளும் தொண்டோ உழைப்புச் சுரண்டலாகும். உங்கள் வீட்டு அடுப்பு உங்கள் வருமானத்தை நம்பி எரிகிறதென்றால், முதலில் ஊதியமுள்ள வேலையைத் தேடுங்கள். அதில் குறையேதும் இல்லை.

உள்ளூரிலேயே தொடங்கலாம்

"நம் மஹல்லாவிலேயே ஆயிரம் வேலை கிடக்க, எங்கோ உள்ள தீவுக்கு ஏன் கணக்கெழுத வேண்டும்?" என்று கேட்பவர்களும் இருப்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் ஒன்றைச் செய்தால் மற்றொன்றை விட்டுவிட வேண்டும் என்பதில்லையே! உள்ளூரில் பழகிய கைதான் வெளியூரிலும் பயன்படும். உங்கள் ஊர் ஜமாஅத்தின் வரவு செலவுக் கணக்கை, முத்தவல்லியின் சம்மதத்தோடு, ஓராண்டுக்கு ஒழுங்காக எழுதிக் கொடுங்கள். ஏரி தூர்வாரும் குழுவின் கூட்டக் குறிப்புகளை எழுதுங்கள். நம் தமிழ்நாட்டின் நீர்ப்பிடிப்புப் பகுதித் திட்டங்களுக்கும்கூட, உலகத் தகவமைப்பு நிதியத்தின் உதவி நபார்டு வழியாக வந்திருக்கிறது. அத்தகைய திட்டங்கள் நடக்கும் சிற்றூர்களில் கணக்கும் கடிதமும் அறிந்த ஒருவர் கிடைப்பது எவ்வளவு அரிது என்பதைக் களத்தில் உழைப்போரைக் கேட்டால் சொல்வார்கள்.

சகோதரர்களே, சகோதரிகளே! கடல் உயர்வதைத் தனியொருவர் தடுத்துவிட முடியாது. ஆனால் அதனால் வாடும் மக்களுக்கென்று புறப்பட்ட பணம் வழியில் தேங்காமலும் சிதறாமலும் போய்ச் சேரக் காவல் நிற்க நம்மால் முடியும். அதற்கு வேண்டியவை ஒரு மேசை, ஒரு பேனா, நாள் தவறாத உழைப்பு, பிறர் பணத்துக்கு அஞ்சும் உள்ளம். இவை நம்மில் பலர் வீட்டில் இருக்கின்றன. எடுத்துப் பயன்படுத்துங்கள்.