பிண்ணாக்குக்குள் ஒரு காவல்காரன்

கடலை எண்ணெயை நாள்பட வைத்தால் சிக்கு வாடை அடிக்கும். காற்றிலுள்ள பிராண வாயு செய்யும் வேலை அது. பாலிலும், முகத்துக்குப் பூசும் கிரீமிலும் இதே கேடு உண்டு. அங்கே எண்ணெய்ச் சத்து சிறு சிறு துளிகளாகத் தண்ணீரில் மிதக்கிறது. எண்ணெயும் தண்ணீரும் தொடும் எல்லையில்தான் கேடு தலைகாட்டும். தண்ணீரில் கரைந்த இரும்பு, கடுகளவே ஆனாலும், அதைத் தூண்டிவிடும்.

ஆகவே, காவல் போடுவதானால் எல்லையில் போட வேண்டும்!

சோப்பின் தலை தண்ணீரை நாடும். வால் எண்ணெயை நாடும். அதனால் அது எல்லையில் நிற்கும். ஆனால் கேட்டைத் தடுக்காது. புரதத்தைத் துண்டாக்கினால் கிடைப்பது பெப்டைடு. அதோடு கொழுப்பு வால் ஒன்றை ஒட்டினால், அதுவும் எல்லையில் நிற்கும், காவலும் காக்கலாம். பெப்டைடில் வால் ஒட்டிய இத்தகைய சோப்பை மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரே செய்கிறது. ஜப்பானியர் 1968-ல் அதைக் கண்டறிந்தார்கள்.

எல்லாப் பெப்டைடும் காக்குமா? காக்காது. புரதம் என்பது மணிமாலை போன்றது. மணிகள் 20 வகை. டைரோசின் என்ற மணி தன் ஹைட்ரஜனைக் கொடுத்துக் கேட்டைத் தணிக்கும். ஹிஸ்டிடின் என்ற மணி இரும்பைப் பிடித்துக் கட்டிவைக்கும். மணிகளைக் கோத்த வரிசை மாறினால் பலனும் மாறும். வால் மிகக் குட்டையானால் காவல்காரன் தண்ணீரோடு போய்விடுவான். மிக நீளமானாலோ, தங்களுக்குள் கூட்டம் கூடி எல்லையைக் கைவிட்டு விடுவார்கள்! 'ஆன்டி ஆக்சிடன்ட் சேர்ந்தது' என்று டப்பாவில் அச்சடித்தால் மட்டும் போதுமா?

இனி நம் ஊருக்கு வருவோம். புதுக்கோட்டை மாவட்டத்தில் கந்தர்வகோட்டை, கறம்பக்குடி, ஆலங்குடிப் பக்கம் நிலக்கடலை விளைகிறது. எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் பிண்ணாக்கில் நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் புரதம். டைரோசினும் ஹிஸ்டிடினும் அதில் உண்டு. பிண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது. வயலுக்கும் உரமாகப் போகிறது. போகட்டும். ஆனால் அத்தனையும் போகத்தான் வேண்டுமா?

ஆலங்குடி அருகே வம்பனில் தேசிய பயறு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பயறும் புரதம்தானே! அங்குள்ளவர்களும் புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் ரசாயனம் படிக்கும் பிள்ளைகளும் சேர்ந்து, கடலைப் புரதத்தை எந்த இடத்தில் வெட்டினால் நல்ல காவல்காரன் கிடைப்பான் என்று பார்க்கலாம். அரசாங்கம் அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும். பிண்ணாக்கு விலைக்கு விற்கும் சரக்கு பத்து மடங்கு விலைக்குப் போனால் விவசாயிக்கும் அதில் பங்கு கேட்கலாம் அல்லவா?

விவசாயி செய்ய வேண்டிய வேலையும் ஒன்று உண்டு. கடலையை நன்றாகக் காய வைக்க வேண்டும். ஈரத்தோடு குவித்தால் பூஞ்சணம் பிடிக்கும். அதன் நஞ்சு பிண்ணாக்கில் தங்கும். அந்தப் பிண்ணாக்கு மாட்டுக்கும் ஆகாது, மனிதனுக்கும் ஆகாது.