குழந்தைக்கு மூச்சும் கொடுக்க வேண்டும்: சி.பி.ஆர். பயிற்சி குறித்து எங்கள் நிலைப்பாடு

பொதுமக்களுக்கான சி.பி.ஆர். (இதய நுரையீரல் மீட்பு) பயிற்சி நம் நாட்டில் பெரும்பாலும் நெஞ்சை அழுத்துவதோடு நின்றுவிடுகிறது. மாரடைப்பில் திடீரெனச் சாயும் பெரியவருக்கு முதல் சில நிமிடங்கள் அது உதவும். இரத்தத்தில் ஆக்ஸிஜன் இன்னும் மிச்சமிருக்கும். குழந்தைகளில் பெரும்பாலோருக்கு முதலில் நிற்பது மூச்சு. ஆக்ஸிஜன் தீர்ந்த பிறகுதான் இதயம் ஓய்கிறது. எங்கள் மதுரைச் சமவெளியில் அப்படி மூச்சு நிற்பதற்கான காரணங்கள் எல்லோரும் அறிந்தவையே: மழைக்குப் பின் நிரம்பிய கண்மாய், சுற்றுச்சுவர் இல்லாத கிணறு, தரையில் உறங்கும் பிள்ளையைக் கடித்து மூச்சுத் தசைகளை முடக்கும் கட்டுவிரியன், தொண்டையில் அடைத்த நிலக்கடலை, முற்றிய நிமோனியா. அரளி விதை தின்ற பிள்ளைக்கும், பிறவி இதயக் கோளாறு உள்ள சில பிள்ளைகளுக்கும் துடிப்பே நேரடியாகக் கெடலாம் என்பது உண்மை. ஆனால் அவர்கள் சிலரே. ஆகவே பள்ளி, அங்கன்வாடி, கிராமப் பயிற்சிகள் அனைத்திலும் நெஞ்சழுத்தத்தோடு வாய்வழி மூச்சும் கட்டாயம் கற்பிக்கப்பட வேண்டும் என்று கோருகிறோம்.

இதற்கு வலுவான சான்று ஜப்பானிலிருந்து கிடைக்கிறது. மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்ற 5,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2010-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு அது. காரணம் இதயம் அல்லாதபோது, அழுத்தமும் மூச்சும் பெற்ற குழந்தைகளில் 7.2 சதவீதத்தினர் ஒரு மாதத்துக்குப் பின் மூளைத்திறன் பெரிதும் கெடாமல் இருந்தனர். அழுத்தம் மட்டும் பெற்றவர்களில் 1.6 சதவீதத்தினரே. இரண்டுமே சிறிய எண்கள்தான். இதயம் நின்றபின் மீள்வது அவ்வளவு அரிது. மீண்டாலும் மூளைப் பாதிப்பு பலரை வாழ்நாள் முழுதும் தொடர்கிறது. மூச்சு நின்று நாடி இன்னும் ஓடும்போதே மூச்சுக் கொடுத்தால் பெரும்பாலானவர்கள் பிழைக்கிறார்கள். தண்ணீரிலிருந்து எடுத்த பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதிலும் வயிற்றை அமுக்குவதிலும் கரைவது அந்தப் பொன்னான நிமிடங்களே.

இரண்டையும் கற்பித்தால் மக்கள் குழம்பி எதையுமே செய்யமாட்டார்கள் என்று சிலர் அஞ்சுகிறார்கள். மூச்சுக் கொடுக்க இயலாதவர் அழுத்தமாவது கொடுக்கட்டும். அதை நாங்களும் சொல்கிறோம். அதற்காக, இயன்றவருக்கும் சொல்லித்தராமல் விடுவது நியாயமாகாது. தனியாள் 30 அழுத்தம், 2 மூச்சு. நெஞ்சு மூன்றில் ஒரு பங்கு உள்ளிறங்க வேண்டும், மூச்சுக்கு நெஞ்சு உயர வேண்டும். பொம்மையில் பழகினால் ஒரு மதியத்தில் கைவந்துவிடும். முன்பின் தெரியாதவர் வாயில் வாய்வைக்கத் தயங்குவார்கள் என்பது அடுத்த தடை. குழந்தையின் பக்கத்தில் இருப்பவரோ பெரும்பாலும் அம்மா, அக்கா, டீச்சர். 108 ஆம்புலன்ஸ் இருக்கிறதே என்பவர்களும் உண்டு. 2008 முதல் அது காத்த உயிர்கள் ஏராளம். என்றாலும் ஆக்ஸிஜன் இல்லாத மூளை நான்கைந்து நிமிடங்களிலேயே சேதமடையத் தொடங்குகிறது. மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து உட்கிராமங்களுக்கு எந்த வண்டியும் அதற்குள் போய்ச் சேர முடியாது. 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை மூச்சுக் கொடுக்க ஊரில் ஆள் வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக்குக் கண்மாய்கள் நிரம்பும் முன், கரையோர ஊர்களின் ஆசிரியர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் நூறுநாள் வேலைத்தளப் பொறுப்பாளர்களுக்கும் இப்பயிற்சியை மாவட்ட நிர்வாகம் ஆண்டுதோறும் முடித்திருக்க வேண்டும்.