‘கைராசி’ எங்களுக்குப் போதாது

பெரிய ஒப்பரேஷன் என்று கேள்விப்பட்டவுடன் வெளிநாட்டுச் சொந்தம் போன் எடுத்துச் சொல்லும்: “டொக்டரைப் பற்றி நல்லா விசாரிச்சுப்போட்டுச் செய்யுங்கோ.” நல்ல புத்திமதிதான். ஆனால் எங்கே போய் விசாரிக்கிறது? லண்டனில் இருக்கிறவர் அங்குள்ள பொது மருத்துவப் பேரவையின் இணையப் பதிவேட்டில் பெயரைப் போட்டால், அந்த டொக்டர் இடைநிறுத்தப்பட்டிருக்கிறாரா, நிபந்தனையோடு வேலை செய்கிறாரா என்று பார்த்துவிடலாம். எங்களிடம் இருப்பது ‘கைராசி’ மட்டும்தான்.

கைராசி என்றால் என்ன? அடுத்த வீட்டு அன்ரி பிழைச்சு வந்தார் என்பது. பிழைக்காதவர் திரும்பி வந்து கதை சொல்ல மாட்டார். குடும்பத்தில் ஒரு டொக்டரோ தாதியோ இருந்தால் “அவரிட்டப் போகாதேங்கோ” என்ற செய்தி வாட்டுக்குள் இருந்தே வந்துவிடும். முல்லைத்தீவில் கூலி வேலை செய்கிறவருக்கு யார் சொல்வது? ஆகவே இது யாருக்கும் தெரியாத இரகசியம் இல்லை. தொடர்பு உள்ளவர்களுக்கு மட்டும் கிடைக்கிற தகவல்.

“இலவசமாத்தானே செய்யினம், பிறகென்ன கேள்வி?” என்கிறார்கள். இலவச வைத்தியம் யாரும் போடுகிற பிச்சை இல்லை, எங்கட வரிக்காசு. அரச வைத்தியசாலையில் வேலை செய்கிற நிபுணரைத்தான் பின்னேரம் தனியார் ஆஸ்பத்திரியில் காசு கட்டிச் சனல் பண்ணுகிறோம். அங்கே அவரைத் தெரிவுசெய்ய முடிகிறது. அரச வாட்டில் தெரிவு இல்லை. தெரிவே இல்லாத இடத்தில்தான் கேள்வி கேட்கிற உரிமை கூடுதலாகத் தேவை.

சரி, அவர்மேல் வழக்கு இருந்ததா என்று பார்க்கலாமே என்பார்கள். மாவட்ட நீதிமன்ற வழக்குகளை டொக்டரின் பெயரைப் போட்டுத் தேடுவதற்கு ஒரு பொதுப் பதிவேடு எங்களுக்கு இல்லை. வழக்குப் போட்டவர்களுக்கு என்ன நடந்தது? பேராசிரியர் பிரியானி சொய்சாவுக்கு எதிராக ரியென்சி ஆர்சகுலரத்ன தன் மகளின் மரணத்துக்காகப் போட்ட வழக்கில், மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா நட்டஈடு வழங்கியது. 2001இல் உயர் நீதிமன்றம் கவனயீனம் இருந்ததை ஏற்றுக்கொண்டது. ஆனால் அதனால்தான் பிள்ளை இறந்தது என்று நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி நட்டஈட்டை இல்லாமல் செய்தது. வழக்குப் போட்டவர் ஒரு சட்டத்தரணி. அவருக்கே இந்த முடிவென்றால், எங்கட சனம் எந்தத் துணிவில் நீதிமன்றப் படி ஏறும்? ஆகவே வழக்கு இல்லை என்பது நல்ல டொக்டர் என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

வழக்கு உண்டு என்பதால் அவர் கெட்டவரும் இல்லை. மற்றவர்கள் கைவிட்ட நோயாளியை எடுக்கிறவரின் மேசையில்தான் மரணமும் கூட நடக்கும். பெயர் சொல்லி முகநூலில் கல்லெறிவதை நாங்கள் கேட்கவில்லை. கேட்பது கணக்கு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் வைத்தியசாலையில் இருதய சத்திரசிகிச்சைக்குப் பிறகு குழந்தைகள் இறப்பதைக் கணக்கெடுத்துக் காட்டியவர் ஸ்டீபன் போல்சின் என்ற மயக்கமருந்து நிபுணர். 1991க்கும் 1995க்கும் இடையில் எதிர்பார்க்கக்கூடியதை விட 30 முதல் 35 குழந்தைகள் வரை கூடுதலாக இறந்ததாக 2001இல் வந்த விசாரணை அறிக்கை சொன்னது. அதற்குப் பிறகு அங்கே இருதய சத்திரசிகிச்சை நிபுணர்களின் பெறுபேறுகள் பெயரோடு வெளிவந்தன. நல்ல டொக்டர்கள் அதனால் அழிந்துபோகவில்லை.

ஆகவே எங்கட கோரிக்கை இரண்டு. இலங்கை மருத்துவ சபை தன் பதிவேட்டில் ஒழுக்காற்றுத் தீர்ப்புகளையும் பெயருக்குப் பக்கத்திலேயே போட வேண்டும். ஒவ்வொரு பெரிய வைத்தியசாலையும் என்ன சத்திரசிகிச்சை, எத்தனை, எத்தனை மரணம் என்று வருடாவருடம் மூன்று மொழியிலும் வெளியிட வேண்டும்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்த எண்ணிக்கையை அரச வைத்தியசாலையிடம் எழுதிக் கேட்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். அவசரமில்லாத ஒப்பரேஷனுக்கு அந்த அவகாசம் இருக்கிறது. கிளினிக்கில் நேரே கேளுங்கோ: இதைப் போன வருடம் எத்தனை செய்தீர்கள்? வெட்டப்போவது நீங்களா, பயிற்சியில் இருக்கிறவரா? செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? பிழைத்துப்போனால் எந்த வைத்தியசாலைக்கு அனுப்புவீர்கள்? சம்மதப் பத்திரம் விளங்குகிற மொழியில் இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதேங்கோ, வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லுங்கோ.

கேட்டால் டொக்டர் கோவிப்பாராம். கோவிக்கட்டும். ஒப்பரேஷன் மேசையில் படுக்கப்போவது நாங்கள்.