ஒரு மாதிரி

அணுபுரத்தில் வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். என் அக்கா பையனுக்குக் கல்பாக்கத்தில் வேலை, இங்கே குவார்ட்டர்ஸ். 'ஒரு வாரம் வந்து இருங்க மாமா' என்று கூப்பிட்டானே என்று போயிருந்தேன். இரண்டாம் நாள் சாயங்காலம் வாக்கிங் முடித்து, மாடி ஏறி, உரிமையோடு காலிங்பெல்லை அழுத்தினால் கதவைத் திறந்தவர் வேறு யாரோ. ஒரு பிளாக் தள்ளி ஏறிவிட்டேன்.

அசடு வழிந்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன். அவர் விடவில்லை. நாற்பத்தைந்து வயதிருக்கும். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பேரைச் சொன்னார்.

"நீங்கதானே? பத்திரிகையில எழுதுவீங்களே! உங்களுக்கு ஒரு லெட்டர் போட்டிருக்கேன் ஸார்."

எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? உள்ளே போய்ச் சட்டமாக உட்கார்ந்துவிட்டேன். காபி வந்தது. மூலையில் துணி போர்த்திய கீபோர்டு ஒன்று. "தங்கச்சி பொண்ணு லீவுக்கு வந்தா வாசிப்பா" என்றார்.

"லெட்டர் எப்போ போட்டீங்க?"

"97-ல. நான் அப்ப பிளஸ் ஒன். அப்பாவுக்கும் இங்கதான் வேலை. கல்பாக்கம் டவுன்ஷிப்ல இருந்தோம்."

பழைய ஃபைல் ஒன்றை எடுத்து வந்தார். மார்க் ஷீட்டுகளுக்கு நடுவில், பிளாஸ்டிக் உறையில், மஞ்சளாகிப்போன ஒரு பத்திரிகைத் துண்டு. பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, என் எழுத்து. காபி திடீரென்று கசந்தது.

விஷயம் இதுதான். 1997 ஆகஸ்ட் 31-ல் இளவரசி டயானா பாரிஸில் கார் விபத்தில் இறந்தார். செப்டம்பர் 6-ம் தேதி லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இறுதிச் சடங்கு. எல்டன் ஜான் பியானோ முன் உட்கார்ந்து, 1973-ல் மர்லின் மன்றோவை நினைத்துப் போட்ட தன் பழைய பாட்டையே வார்த்தை மாற்றிப் பாடினார். உலகமே டி.வி. முன்னால் அழுதது. கேஸட்டாக வந்து சக்கைப்போடு போட்டது. அப்போது நான் ஒரு மாதப் பத்திரிகையில் கேஸட் விமரிசனம் எழுதிக்கொண்டிருந்தேன். பத்திரிகை இப்போது இல்லை. அதற்கு நான் காரணமில்லை என்றே நம்புகிறேன்.

விமரிசனம் இருபது வரி. அன்றைக்கு அவர் வீட்டில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். மூக்குக் கண்ணாடிக்கு நாலு வரி. ஜிகினாச் சட்டைக்கு ஐந்து. தலைமுடிக்கு மூன்று. 'ஆசாமி ஒரு மாதிரி என்று கேள்வி, அதனால்தான் துக்க வீட்டில்கூட நலங்குப் பாட்டு ரேஞ்சுக்கு நளினம்' என்று ஒரு ஜோக். அதை இழுத்து இழுத்து ஐந்து வரி. மிச்சம் மூன்றில் விலை, கம்பெனி பேர், 'கேட்கலாம்.'

'ஒரு மாதிரி'யைப் போல சௌகரியமான பிரயோகம் தமிழில் கிடையாது. எதையும் சொல்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். யாராவது சட்டையைப் பிடித்தால், 'நான் அப்படிச் சொல்லவே இல்லையே' என்று நழுவிவிடலாம்.

கல்பாக்கத்திலிருந்து வந்த அந்தக் கடிதத்தை ஆசிரியர் என்னிடம் தள்ளினார். ஒரு பக்கக் கடிதம். 'விமரிசனத்தில் பியானோ எங்கே?' என்ற வரியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டினேன். கீழே என் பதில்: 'தம்பிக்கு ஏன் இத்தனை கோபம்? தம்பியும் ஒரு மாதிரியோ?' பேர், ஊர் எல்லாம் முழுசாகப் பிரசுரம். வாசகர் கடிதம் என்றால் பேரும் ஊரும் போடுவதுதானே மரியாதை!

"டவுன்ஷிப்புக்கு அந்தப் பத்திரிகை நாலே நாலு காப்பிதான் வரும் ஸார். நாலும் எங்க கிளாஸுக்குள்ள வந்துடுச்சு."

அதற்கு மேல் அதிகம் சொல்லவில்லை. பிளஸ் டூ முடிகிற வரைக்கும் அவருக்குப் பேரே அதுதானாம். கீபோர்டு கிளாஸை நிறுத்திவிட்டார். ஏன் என்று அப்பா கேட்கவில்லை. அவரும் பத்திரிகையைப் படித்திருந்தார்.

எல்டன் ஜானுக்கு என் ஜோக்கால் ஒரு சேதாரமும் கிடையாது. தன்னைப் பற்றிப் பொய்ச் செய்தி போட்ட 'சன்' பத்திரிகையையே 1988-ல் பத்து லட்சம் பவுன் கொடுத்து, முதல் பக்கத்தில் மன்னிப்பும் கேட்க வைத்தவர். என்னை மாதிரி எட்டணா விமரிசகனை அவர் எங்கே படிக்கப் போகிறார்? படித்தது பதினாறு வயசுப் பையன்.

இந்த வகை விமரிசனத்துக்கு நான் முன்னோடி என்றும் பீற்றிக்கொள்ள முடியாது. 1956-ல் லிபராச்சி என்ற அமெரிக்க பியானோக்காரர் லண்டன் போனார். பியானோ மேல் மெழுகுவர்த்தி, உடம்பெல்லாம் பளபள, ரயிலடியில் ஆயிரக்கணக்கில் பெண் ரசிகைகள். 'டெய்லி மிரர்' பத்திரிகையில் கஸாண்ட்ரா என்ற புனைபெயரில் எழுதிவந்த வில்லியம் கானருக்குப் பொறுக்கவில்லை. அடைமொழிகளாக அடுக்கித் தள்ளினார். அதில் ஒன்று, ஆள் 'பழ வாசனை' அடிக்கிறார் என்பது. ஆங்கிலக் கொச்சையில் பழம் என்றால் நம்ம 'ஒரு மாதிரி'தான். லிபராச்சி மானநஷ்ட வழக்குப் போட்டு, 1959-ல் எட்டாயிரம் பவுன் ஜெயித்தார். ஆனால் அதற்காகக் கூண்டில் ஏறி, 'நான் அப்படிப்பட்டவன் இல்லை' என்று சத்தியம் பண்ணவேண்டி வந்தது. 'ஆமாம்' என்றிருந்தால் பிழைப்பு போயிருக்கும். அன்றைய இங்கிலாந்தில் அது ஜெயிலுக்குப் போகிற குற்றம் வேறு. 1987-ல் எய்ட்ஸோடு வந்த நோயில் இறந்துபோனார். அந்தச் சத்தியம் பொய் என்று இன்றைக்கு எல்லாருக்கும் தெரியும். கேஸில் ஜெயித்தவர் சாகிற வரைக்கும் அந்தப் பொய்யைக் காவல் காக்கவேண்டி இருந்தது.

ரசிகர்கள் எப்போதும் கல்பாக்கத்துப் பையன் மாதிரித் தனியாக மாட்டிக்கொள்வதில்லை. 2009 அக்டோபரில் பாய்ஸோன் குழுவின் பாடகர் ஸ்டீபன் கேட்லி மஜோர்க்கா தீவில் தூக்கத்திலேயே இறந்தார். வயது 33. தனக்கு ஆண்தான் துணை என்பதைப் பத்து வருஷம் முன்பே பகிரங்கமாகச் சொன்னவர். அடக்கத்துக்கு முதல் நாள் 'டெய்லி மெயிலில்' ஜான் மோயர் என்ற பெண்மணி, இந்தச் சாவு இயற்கையானதாக இருக்க முடியாது என்ற தொனியில் அவருடைய குடும்ப வாழ்க்கையைக் கிளறி எழுதினார். பத்திரிகைப் புகார் ஆணையத்துக்கு 25,000 புகார் குவிந்தது. அதுவரை அத்தனை வந்ததே இல்லை. ஆணையம், 'விதி எதுவும் மீறப்படவில்லை' என்று 2010-ல் கைகழுவியது வேறு கதை.

சீமைக் கதைதானே என்று தப்பிக்கவும் முடியாது. அணுபுரத்திலிருந்து மாமல்லபுரம் வழியாகக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் திருவான்மியூர் கலாக்ஷேத்ரா. அங்கே பரதம் கற்றவர் பஞ்சாபிக்காரரான நவ்தேஜ் சிங் ஜோஹர். 1860-ம் வருஷத்துச் சட்டத்தின் 377-வது பிரிவை எதிர்த்து 2016-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். வழக்குக்கே அவர் பேர்தான். 2018 செப்டம்பர் 6-ல் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக, வயது வந்தவர்கள் சம்மதத்தோடு சேர்வது குற்றமில்லை என்றார்கள். தேதியைக் கவனித்தீர்களா? எல்டன் ஜான் அபேயில் பாடிய அதே செப்டம்பர் 6. ஆண்பிள்ளை சதங்கை கட்டினால் சபா காண்டீனில் என்ன பேசுவோம் என்பது உங்களுக்கும் தெரியும். ரவா தோசைக்கு நடுவே நானும் பேசியிருக்கிறேன்.

2021 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தில் இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுப் போட்ட வழக்கு. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், எனக்கே இதில் போதிய தெளிவில்லை என்று எழுத்திலேயே ஒப்புக்கொண்டு, மனநல ஆலோசகர் முன்னால் மாணவன் மாதிரி உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்து தீர்ப்பு சொன்னார். அதன் தொடர்ச்சியாகத் தமிழக அரசு, இவர்களை மரியாதையாகக் குறிப்பிடுவதற்கான சொற்களை 2022-ல் அரசிதழில் வெளியிட்டது. 'ஒரு மாதிரி' அதில் இல்லை.

இந்த விவரங்களில் பாதி அவருடைய ஃபைலில் இருந்தவை. தேதிவாரியாக அடுக்கி வைத்திருக்கிறார்.

அவர் எப்படிப்பட்டவர் என்று உங்களுக்கு ஓர் அரிப்பு இருக்கும். அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை ஒரு தடவை அச்சில் கேட்டாயிற்று.

எழுந்திருக்கும்போது, "மன்னிச்சிடுங்க" என்றேன். சொல்லும்போதே அது எத்தனை சின்ன வார்த்தை என்று பட்டது.

"அது இருக்கட்டும் ஸார். என் லெட்டரை நீங்க முழுசாப் போடவே இல்லை. கார்பன் காப்பி வெச்சிருக்கேன். இப்பப் போடுறீங்களா? பேர் வேணாம்."

இதோ:

'ஐயா, எல்டன் ஜான் கேஸட் விமரிசனம் படித்தேன். கண்ணாடி, சட்டை எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். விமரிசனத்தில் பியானோ எங்கே? சர்ச்சில் அவர் தனியாக வாசித்தார். கேஸட்டில் பின்னால் வயலின்கள் சேர்த்திருக்கிறார்கள். எது நன்றாக இருக்கிறது என்று எழுதுவீர்கள் என எதிர்பார்த்தேன். இடது கை என்ன செய்கிறது என்று ரீவைண்ட் செய்து ரீவைண்ட் செய்து டேப்பே சிக்கிக்கொண்டது. பென்சில் விட்டுச் சுற்றினேன். அவர் நேரில் எப்படி இருப்பார் என்பது எனக்குத் தெரியவேண்டாம். என்னிடம் இருப்பது சின்ன கேஸியோ. பாட்டு எந்த ஸ்ருதி என்று அடுத்த இதழில் தெரிவித்தால் வாசித்துப் பார்ப்பேன்.'