மேலிடம் சொன்னா சுட்டுடலாமா?

வண்ணாரப்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் உறவுகளே!

பட்டாளத்துக்கும் போலீஸுக்கும் போகணும்னு விடியக்காலையில மைதானத்துல ஓடுற பசங்க நம்ம ஏரியாவுல எத்தனை பேர்! வேலைக்குப் போனதும் அவங்க கத்துக்கிற முதல் பாடம், "மேலதிகாரி சொன்னா செய்." சரி, அவர் தப்பா சொன்னா?

1930 ஏப்ரல் 23, பெஷாவர். நிராயுதபாணியாக நின்ற பதான் மக்களைச் சுடச் சொல்லி வெள்ளைக்கார அதிகாரி உத்தரவிட்டார். கார்வால் படைப்பிரிவின் சந்திர சிங்கும் அவருடைய வீரர்களும் துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டார்கள். அவருக்கு ஆயுள் தண்டனை. 1941 வரை சிறை. அதே மனிதருக்கு 1994-ல் இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது!

இன்றைய சட்டம் என்ன சொல்லுது? 1950 ராணுவச் சட்டம், 41-வது பிரிவு: "சட்டப்படியான" உத்தரவை வேண்டுமென்றே மீறினால் 14 ஆண்டு வரை சிறை. அந்த ஒத்தை வார்த்தையிலதான் எல்லாமே இருக்கு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 14-வது பிரிவும் அதேதான். மேலதிகாரி உத்தரவில் கூட்டத்தைச் சுட்ட சிப்பாய் குற்றவாளி இல்லை என்கிறது, ஆனால் அது சட்டத்துக்கு உட்பட்டு நடந்திருக்க வேண்டும்.

2011-ல் போலி என்கவுன்டர் வழக்கொன்றில் சுப்ரீம் கோர்ட் இன்னும் கறாராகச் சொன்னது. மேலிடம் சொல்லிச் செய்தோம் என்ற சாக்கு செல்லாது, சட்டவிரோத உத்தரவை மறுப்பது போலீஸ்காரரின் கடமை. நாஜிகள் நியூரம்பெர்க்கில் சொன்ன சாக்கும் இதுதான் என்றும் நினைவூட்டியது.

அதுக்காக பிடிக்காத உத்தரவையெல்லாம் மறுக்கலாம்னு அர்த்தமில்ல. ரெஜிமென்ட் கோயிலின் கருவறைக்குள் போக மறுத்த கிறிஸ்தவ அதிகாரியின் பணிநீக்கத்தில் 2025-ல் சுப்ரீம் கோர்ட் தலையிடவில்லை. அந்த முடிவு நமக்கு உறுத்தலாகவே இருக்கு. ஆனா ஒண்ணு புரியுது: எது சட்டப்படியான உத்தரவுன்னு கோர்ட் வருஷக்கணக்கில் யோசிக்குது, இருபது வயசு பையன் அரை நிமிஷத்துல முடிவெடுக்கணும். மறுத்தா கோர்ட் மார்ஷல், சுட்டா கொலை வழக்கு. உத்தரவு போட்டவர் பெரும்பாலும் வாய்வார்த்தையா சொல்லிட்டுப் போயிடுவார்.

2018 மே 22, தூத்துக்குடி. துப்பாக்கிச்சூட்டில் 13 உயிர் போச்சு. அருணா ஜெகதீசன் ஆணையம் 17 போலீஸார் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. அந்தக் குடும்பங்கள் இன்னும் நியாயம் கேட்டுக்கிட்டுதான் இருக்கு.

நாம கேட்பது இதுதான். சுடச் சொன்னது யார், எப்போது, எதற்காக என்பது பதிவேட்டில் ஏறணும். சட்டவிரோத உத்தரவை மறுத்த காவலரைப் பழிவாங்கக் கூடாது. பயிற்சிப் பள்ளியில் இந்தச் சட்டத்தைத் தமிழில் சொல்லிக் கொடுக்கணும்.

உங்க வீட்டுப் பையன் செலக்‌ஷனுக்குத் தயாராகிறானா? இந்தப் பதிவை அவனுக்கு அனுப்புங்க.