பின்சக்கரத்தைத் தூக்கி எறியாதீர்கள்

போன வாரம் ஆம்பூர் பஜாரில் டேனரி வேலைக்காரர் ஒருவர் பழைய சைக்கிளோடு நின்றார். பின்சக்கரத்தில் நாலு கம்பி அறுந்து, ரிம் துருவேறியிருந்தது. "முழு வீலையே மாத்திடுங்க" என்றார் கடைக்காரர். எனக்குப் பொறுக்கவில்லை.

கெட்டது ரிம்மும் கம்பியும்தான். ஹப் என்ன பாவம் செய்தது? தோலில் போடும் உப்பு சைக்கிளைச் சும்மா விடாது, நிஜம். ஆனால் அந்த ஹப் கனத்த இரும்பு. பால்ரஸ் மாற்றி கிரீஸ் வைத்தால் இன்னும் பல வருஷம் ஓடும்.

நம் பழைய 28 அங்குல வண்டிகளில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40. ஆளின் பாரமும் கேரியர் மூட்டையும் பின்னால்தானே இறங்குகிறது! விலை மலிவென்று கம்பி குறைந்த ரெடிமேட் சக்கரத்தை மாட்டுவதா சிக்கனம்? கம்பி தளரும், கோட்டம் விழும், ஒருநாள் விடியற்காலையில் நடுவழியில் படுத்துவிடும். அன்றைய கூலி போச்சு.

40 ஓட்டை ரிம்மும் புதுக் கம்பியும் வாங்கி, பழைய ஹப்பிலேயே கோர்க்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி கோட்டம் பாருங்கள்.

"கோர்க்கத் தெரிந்தவர் இப்போது எங்கே?" என்கிறார்கள். நாம் வேலை கொடுக்காவிட்டால் அவர் எப்படி ஐயா இருப்பார்?