உபகாரமா, சம்பளமா?

நமக்கு முந்திய தலைமுறையினர் 'ஸ்காலர்ஷிப்' என்ற இங்கிலீஷ் வார்த்தைக்கு 'உபகாரச் சம்பளம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். யோசித்துப் பார்த்தால் விசித்திரமான சொல். உபகாரம் என்பது கொடுப்பவன் மனமிரங்கிக் கொடுப்பது. வாங்குகிறவன் கைகட்டி நிற்கவேண்டும். சம்பளம் என்பது வேலைக்குரிய கூலி; மாதம் பிறந்தால் கேட்டு வாங்க உரிமை உண்டு. இந்த இரண்டையும் ஒரே முடிச்சில் போட்டவர் யாரோ, நம் சர்வகலாசாலைகளின் குழப்பம் முழுவதையும் அந்தச் சொல்லிலேயே அடக்கிவிட்டார். இப்போது 'கல்வி உதவித்தொகை' என்கிறோம். சம்பளம் போய்விட்டது; உபகாரம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரிசு என்பது செய்து முடித்த காரியத்துக்கு. உதவித்தொகை என்பது இனிமேல் செய்யவேண்டிய காரியத்துக்கு. முன்னதற்குப் பார்க்கவேண்டியது வேலையின் தரம். பின்னதற்குப் பார்க்கவேண்டியது பிள்ளையின் தேவை. நாமோ இரண்டையும் ஒரே தராசில் ஏற்றி, மார்க்கு என்ற ஒரே படிக்கல்லை வைத்து நிறுக்கிறோம். ஆகவே பரிசும் பரிசாக இல்லை. உதவியும் உதவியாக இல்லை.

ஏதாவது ஒரு பட்டமளிப்பு விழாவுக்குப் போய்ப் பாருங்கள். 1997-ல் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் ஏற்பட்டதிலிருந்து எங்கள் நாமக்கல் பக்கத்துக் கலைக்கல்லூரிப் பிள்ளைகளுக்கு அதுதான் சர்வகலாசாலை. அங்கே மட்டுமல்ல, தமிழ்நாட்டில் எந்தச் சர்வகலாசாலையிலும் முறை ஒன்றுதான். அங்கியும் ஊர்வலமும் முடிந்ததும், ஒவ்வொரு பாடத்திலும் முதல் மார்க்கு வாங்கியவரை மேடைக்கு அழைத்துப் பதக்கம் சூட்டுகிறார்கள். கீழே உட்கார்ந்திருக்கும் தாயார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட எனக்கு ஆசையில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: அந்தப் பதக்கத்தால் சர்வகலாசாலை புதிதாக எதைக் கண்டுபிடித்தது? அந்தப் பிள்ளை முதல் என்பது மார்க்குப் பட்டியலிலேயே இருக்கிறது. பட்டியலை மறுபடியும் ஒருமுறை தகட்டில் பொறித்துக் கழுத்தில் மாட்டுவதற்குத் துணைவேந்தர் எதற்கு, பேராசிரியர்கள் எதற்கு? ஒரு குமாஸ்தா போதுமே!

இந்தப் பதக்கங்களின் பின்னால் இருக்கும் அறக்கட்டளைக் கணக்கையும் கொஞ்சம் பார்க்கலாம். நூறு ரூபாய்க்கு ஒரு சவரன் கிடைத்த காலத்தில் ஒரு புண்ணியவான் ஆயிரம் ரூபாயைக் கட்டிவைத்தார் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு நான்கு வட்டி என்றால் வருஷத்துக்கு நாற்பது ரூபாய். அன்றைக்கு அது ஒரு மாணவனுக்கு வருஷத்துப் புஸ்தகச் செலவுக்குக் காணும். இன்றைக்கு இரண்டு பேர் டீ குடித்து வடை தின்றால் தீர்ந்தது. முதல் வளரவில்லை, வட்டி வளரவில்லை, தர்மம் செய்தவரின் பெயர் மட்டும் வருஷம் தவறாமல் ஒலிபெருக்கியில் வாசிக்கப்படுகிறது. பிள்ளைக்கு உதவுவதற்காக ஏற்பட்ட தர்மம், பெயரை வாசிப்பதற்காகப் பிள்ளையை மேடையேற்றுகிற சடங்காக முடிந்துவிட்டது.

மார்க்கு என்பது என்ன என்று நாமக்கல்காரனுக்கு யாரும் பாடம் சொல்லவேண்டியதில்லை. எங்கள் ஊரில் முட்டைக்குத் தினமும் விலை சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு ஒருமுறை மே மாதத்தில் சொன்னார்கள். பிளஸ் டூ பரீட்சையில் மாநில முதலிடம் எங்கள் மாவட்டத்துக்கு என்று பல வருஷம் பேச்சாக இருந்தது. தமிழ்நாட்டின் மூலை முடுக்குகளிலிருந்தெல்லாம் பெற்றோர்கள் நிலத்தை விற்றுப் பிள்ளைகளை இங்கே விடுதிப் பள்ளிகளில் கொண்டுவந்து விட்டார்கள். பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொட்டும் தொடாமலும் விட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருஷம் உருப்போட வைத்த பள்ளிகள் உண்டு. விடியற்காலையில் எழுப்பி, நள்ளிரவில் படுக்கவைத்து, கோழிக்குத் தீனி அளப்பது போலப் பாடத்தை அளந்தார்கள். மார்க்கும் வந்தது. பஸ் ஸ்டாண்டு முதல் கோட்டை வரை பிள்ளைகளின் முகங்கள் பலகை பலகையாகத் தொங்கின.

2017-ல் சர்க்கார் ஒரு நல்ல காரியம் செய்தது. பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் முதல் மூன்று இடத்தவர் யார் என்று அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்திற்று. அடுத்த பரீட்சை வருஷத்திலிருந்து பதினோராம் வகுப்புக்கும் பொதுப் பரீட்சை வைத்தது. 'போட்டி போய்விடும், பிள்ளைகள் படிக்கமாட்டார்கள்' என்று அங்கலாய்த்தவர்கள் எங்கள் ஊரிலேயே இருந்தார்கள். ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. பிள்ளைகள் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் பள்ளிக்கூடம் கீழே போட்ட இந்தத் துணியைச் சர்வகலாசாலை இன்னும் சால்வையாகப் போர்த்திக்கொண்டிருக்கிறது. பதினேழு வயதுப் பிள்ளைக்கு ஆகாதது இருபத்தொரு வயதுப் பிள்ளைக்கு எப்படி ஆகும்?

'சீமையில் அப்படித்தானே' என்பார்கள். சீமையில் அப்படி இல்லை. கேம்பிரிட்ஜில் கணிதப் பரீட்சையின் முதல் வகுப்புக்காரர்களை 'ராங்ளர்' என்று அழைத்து, முதலாமவர், இரண்டாமவர் என்று வரிசைப்படுத்தி, ஊரே திரண்டு கொண்டாடுவார்கள். 1909-க்குப் பிறகு அந்த வரிசையை அறிவிக்கும் வழக்கத்தை ஒழித்துவிட்டார்கள். அந்தப் பரீட்சை முறையைக் கடுமையாகத் தாக்கியவர்களில் ஹார்டி ஒருவர். அவரே 1898-ல் நான்காம் ராங்ளர். தோற்றவனின் புலம்பல் என்று அவர் பேச்சைத் தள்ள முடியாது. அந்த ஹார்டியின் மேஜைக்குத்தான் 1913-ல் சென்னைத் துறைமுகக் குமாஸ்தா ஒருவரின் கடிதம் போய்ச் சேர்ந்தது.

ராமானுஜன் பிறந்தது, எங்கள் பள்ளிபாளையத்துப் பாலத்தைத் தாண்டினால் எதிரே நிற்கும் ஈரோட்டில், 1887-ல். வளர்ந்தது கும்பகோணத்தில். அவர் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதை மேதையின் கதையாகத்தான் சொல்கிறோம், உபகாரச் சம்பளத்தின் கதையாகச் சொல்வதில்லை. சொல்லிப் பார்க்கலாம்.

1904-ல் கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் கணிதத்துக்குப் பரிசு வாங்கினார். சர்க்கார் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்தார். அந்தச் சம்பளத்துக்குக் கணிதம் மட்டும் போதாது, இங்கிலீஷும் வேண்டும். அவருக்குக் கணிதத்தைத் தவிர வேறொன்றிலும் மனம் போகவில்லை, இங்கிலீஷில் தேறவில்லை, சம்பளம் போயிற்று. 1905-ல் வீட்டை விட்டு விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். பிறகு பச்சையப்பன் கல்லூரி, எப்.ஏ. பரீட்சையில் 1906-லும் தோல்வி, 1907-லும் தோல்வி. இதற்குள் அவருடைய நோட்டுப் புஸ்தகங்களில் உலகம் காணாத சூத்திரங்கள் நிரம்பிக்கொண்டிருந்தன. மார்க்குப் பட்டியல் ஒரு மனிதனைக் காட்டியது. நோட்டுப் புஸ்தகம் வேறொரு மனிதனைக் காட்டியது. நோட்டைப் புரட்டிப் பார்க்கும் கடமை விதியில் யாருக்கும் இல்லை.

முதலில் பார்த்தது தனி மனிதர்கள்தாம். நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். 1912 மார்ச்சில் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. ஹார்டியின் பதில் வந்த பிறகுதான் சென்னைச் சர்வகலாசாலை விழித்துக்கொண்டது. ஆராய்ச்சிச் சம்பளம் பெற முதுகலைப் பட்டம் வேண்டும் என்பது விதி. இவரோ எப்.ஏ. கூடத் தேறாதவர். அந்த விதியை ஒதுக்கி வைத்துவிட்டு, 1913 மே மாதத்திலிருந்து இரண்டு வருஷத்துக்கு மாதம் 75 ரூபாய் கொடுப்பது என்று தீர்மானித்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்த வேலையை எழுதிக் கொடுக்கவேண்டும், நிபந்தனை அவ்வளவுதான். சென்னைச் சர்வகலாசாலை செய்த காரியங்களில் இதைவிட நல்ல காரியம் ஒன்று உண்டா என்று எனக்குத் தெரியாது. 1914-ல் அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்ப வருஷத்துக்கு 250 பவுன் ஒதுக்கியதும் அதே சர்வகலாசாலைதான். 1918-ல் அவர் ராயல் சொசைட்டியின் அங்கத்தினர் ஆனார்.

அதே 1913-ல் பரோடா மகாராஜா மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்று வருஷத்துக்குக் கொடுத்து ஓர் இளைஞரைக் கொலம்பியா சர்வகலாசாலைக்கு அனுப்பினார். அவர்தான் அம்பேத்கர். இந்த இரண்டும் உபகாரமல்ல, சம்பளம். இனிமேல் செய்யப்போகும் வேலையை நம்பி, காலத்தில், மாதா மாதம் கொடுத்த சம்பளம்.

இன்றைக்கு ராமானுஜன் பெயரில் எந்தக் கல்லூரியிலும் ஒரு பதக்கம் வைக்கலாம். நம் விதிப்படி அது ராமானுஜனுக்குக் கிடைக்காது.

இப்போது உதவித்தொகையின் பக்கம் வருவோம். எனக்குத் தெரிந்த ஒரு பெண். தகப்பனார் லாரி ஓட்டுகிறார். விண்ணப்பத்தோடு வருமானச் சான்று, சாதிச் சான்று, குடும்பத்தில் முதல் பட்டதாரி என்பதற்குச் சான்று, வங்கிப் புஸ்தகம், அதோடு ஆதார் இணைத்ததற்கு அத்தாட்சி எல்லாம் கேட்டார்கள். வருமானச் சான்றுக்குத் தகப்பனார் நேரில் வரவேண்டும் என்றார்கள். அவர் நாக்பூர் தாண்டி எங்கேயோ போய்க்கொண்டிருந்தார். அவர் திரும்பி வந்து, சான்று வாங்கி, கொடுத்து, ஒரு எழுத்துப் பிழைக்காக அது திரும்பி வந்து, மறுபடி போய், பணம் வந்து சேர்ந்தபோது வருஷாந்தரப் பரீட்சை முடிந்திருந்தது. இதற்கிடையில் கல்லூரி பொறுக்கவில்லை. தாயார் காதுத் தோட்டை அடகு வைத்தாள். தோட்டை மீட்கப் போனபோது உதவித்தொகையில் பெரும்பகுதியை வட்டிக்கடைக்காரர் எண்ணி வைத்துக்கொண்டார். ஏழைக்குச் சர்க்கார் கொடுத்த பணம் யாருக்கு உதவித்தொகை ஆயிற்று?

இப்படித்தான் நடக்கவேண்டும் என்பதும் இல்லை. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 'புதுமைப் பெண்' திட்டம் தொடங்கினார்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை சர்க்கார் பள்ளியில் படித்து மேலே படிக்க வரும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய், நேரே வங்கிக் கணக்கில். பையன்களுக்கு 2024-ல் 'தமிழ்ப் புதல்வன்' வந்தது. அதில் எத்தனை மார்க்கு என்ற கேள்வி இல்லை. எங்கே படித்தாய் என்பதுதான் கேள்வி. ஆயிரம் ரூபாய் பெரிய தொகையல்ல. ஆனால் அது சம்பளம் மாதிரி வருகிறது. அமெரிக்காவில் ஹார்வர்ட், யேல் முதலான எட்டுப் பெரிய சர்வகலாசாலைகள் பட்டப்படிப்புக்கு மார்க்குக்காக ஒரு டாலரும் கொடுப்பதில்லை. சேர்த்துக்கொண்ட பிறகு, குடும்பத்தின் தேவை எவ்வளவோ அதைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். பணக்காரச் சர்வகலாசாலைக்குத் தெரிந்த இந்தச் சின்ன நியாயம் நமக்கு ஏன் தெரியக்கூடாது?

எதிர்க்கட்சிக்காரர்களின் வாதம் ஒன்றை மட்டும் மதித்துப் பதில் சொல்லவேண்டும். 'மார்க்குக்குக் கண் கிடையாது, சாதி தெரியாது, சிபாரிசு தெரியாது. அதை எடுத்துவிட்டால் பேராசிரியரின் மாப்பிள்ளைக்கும் மந்திரியின் மருமகனுக்கும் பதக்கம் போகும்' என்கிறார்கள். பயம் நியாயமானதே. நம் ஊர்ச் சிபாரிசை நானும் அறிவேன். ஆனால் மார்க்குக்குக் கண் இல்லையே தவிர விலை உண்டு. அந்த விலையைக் கட்டணமாக வாங்கிய ஊரில் இருந்துகொண்டு நான் எழுதுகிறேன். லட்சங்கள் கட்டிப் பெற்ற மார்க்கும், காலையில் பால் கறந்து ஊற்றிவிட்டு டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து பெற்ற மார்க்கும் தாளில் ஒன்றுதான், உழைப்பில் ஒன்றல்ல. கண்ணில்லாத தராசு நேர்மையானது என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். தட்டில் யார் கை வைத்து அழுத்துகிறார் என்பதையும் அது பார்ப்பதில்லை.

சிபாரிசுக்கு மருந்து வெளிச்சம். மார்க்கு அல்ல. பரிசு கொடுக்கவேண்டுமானால் ஒரு வேலைக்குக் கொடுங்கள்: ஒரு கட்டுரை, ஒரு பரிசோதனை, ஒரு மொழிபெயர்ப்பு, கொல்லிமலைக் கிராமம் ஒன்றைப் பற்றி நேரில் போய் எழுதிய விவரம். வெளியூர்க்காரர் மூவர் பெயர் தெரியாமல் படித்துத் தீர்ப்புச் சொல்லட்டும். எதற்காகக் கொடுத்தோம் என்பதை அரைப் பக்கம் எழுதி, வேலையோடு சேர்த்து அச்சிடட்டும். அச்சில் வந்ததை எல்லோரும் படிப்பார்கள். மாப்பிள்ளையின் கட்டுரை அன்றைக்கே சந்தி சிரிக்கும். உதவித்தொகைக்கோ, தேறினால் போதும். தேவை இருந்தால் போதும். ஒரு வருஷம் சான்று வாங்கினால் படிப்பு முடியும்வரை அது செல்லும் என்று வையுங்கள். கல்லூரி திறந்த மாதத்திலேயே பணம் வரட்டும். வராதவரை அந்தப் பிள்ளையிடம் கட்டணம் கேட்கக்கூடாது என்றும் வையுங்கள்.

கோழிப்பண்ணை நண்பர் ஒருவர் தம் தாயார் பெயரில் ஒரு பரிசு ஏற்படுத்த விரும்பி ஒரு கல்விக்கூடத்துக்கு என்னையும் அழைத்துப் போனார். தாயார் எழுதப் படிக்கத் தெரியாதவர். மாடு வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். "மாட்டைப் புடிச்சுக் கட்டிப்போட்டுட்டு வந்து படிக்கற புள்ளைக்குக் குடுங்க" என்றார் நண்பர். அலுவலகத்திலிருந்தவர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: "அப்படி ஒரு கட்டம் விண்ணப்பத்துல இல்லீங்க ஐயா. முதல் மார்க்குன்னு போட்டுக்கலாங்களா?" நண்பர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "முதல் மார்க்கு வாங்கற புள்ளைக்கு ஊரே குடுக்குமுங்க, நான் எதுக்குங்க?" என்று எழுந்துவிட்டார். அவர் பணம் இன்னும் அவரிடமே இருக்கிறது. தர்மம் செய்ய வந்தவரையும் திருப்பி அனுப்புகிற விதியை என்னவென்று சொல்வது?

1919 ஜனவரியில், நோயுடன் ஊர் திரும்ப இருந்த ராமானுஜன், தமக்கு ஒதுக்கிய பணத்தைப் பற்றிச் சென்னைச் சர்வகலாசாலைப் பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். இவ்வளவு தமக்குத் தேவைப்படாது, பெற்றோருக்கு வருஷம் 50 பவுன் கொடுத்து, தம் செலவும் போக மிஞ்சுவதைக் கல்விக் காரியத்துக்கு, முக்கியமாக ஏழைப் பையன்கள், அநாதைகளின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் புஸ்தகம் வாங்கவும் உபயோகிக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். தம் பெயரில் பதக்கம் ஒன்று வையுங்கள் என்று கேட்கவில்லை. உபகாரச் சம்பளத்தை இழந்தும் பெற்றும் அறிந்த ஒரு மனிதர், அந்தப் பணம் எங்கே போகவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சர்வகலாசாலைகள் புதிதாக ஒன்றும் யோசிக்கவேண்டாம். அந்தக் கடிதத்தை எடுத்துப் படித்தால் போதும்.